புது மடிக்கணினியை ஃபார்மட் செய்வதற்கு முன்

புது மடிக்கணினியோடு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இதை ஒருமுறை ஃபார்மட் செய்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடலாமா?" கணினிப் பழுதுபார்ப்பைத் தொழிலாகக் கொண்ட நான் உடனே திருப்பிக் கேட்பது, "பெட்டியின் சீலை உடைத்தது யார்?" என்பதைத்தான்.

சீலை உடைத்ததும், முதல் திரையில் மொழியையும் கடவுச்சொல்லையும் கொடுத்ததும் நீங்களே என்றால், பெரும்பாலும் ஃபார்மட் தேவைப்படாது. கண்ணை உறுத்துபவை சோதனைக்கால ஆன்டிவைரஸும் சில விளையாட்டுகளும் விளம்பரச் செயலிகளும்தான். அரை மணி நேரத்தில் செட்டிங்ஸிலிருந்தே நீக்கிவிடலாம். அந்த ஆன்டிவைரஸ் இயங்கும்வரை ஒதுங்கியிருக்கும், விண்டோஸோடே வரும் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டர், அதை நீக்கி ரீஸ்டார்ட் செய்ததும் தானாகவே பொறுப்பேற்றுக்கொள்ளும். தயாரிப்பாளரின் செயலிகள் எல்லாமே குப்பையல்ல: பேட்டரி சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்துவதும் விசிறியின் வேகத்தை மாற்றுவதும் பல மாடல்களில் அவற்றின் வழியாகத்தான் நடக்கின்றன.

அண்மையில் ஓர் இளைஞர், வாங்கி இரண்டே நாளான மடிக்கணினியைக் கொண்டுவந்து, "ஹார்ட் டிஸ்க் போய்விட்டது" என்று பதறினார். பென் டிரைவிலிருந்து விண்டோஸ் 11-ஐ நிறுவ முயன்றிருக்கிறார். எந்த வட்டில் நிறுவுவது என்று கேட்கும் திரையில் பட்டியல் காலியாக இருந்தது. அந்த வட்டான எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்டெல்லின் 11ஆம் தலைமுறை பிராசசர் தொடங்கிப் பல மடிக்கணினிகளில், விஎம்டி எனப்படும் கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் பின்னால்தான் எஸ்எஸ்டி இருக்கிறது. அதற்குரிய டிரைவர், அதாவது அந்தப் பகுதியை விண்டோஸோடு பேசவைக்கும் சிறு மென்பொருள், நிறுவல் பென் டிரைவில் இல்லாவிட்டால் வட்டு கண்ணிலேயே படாது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த டிரைவரை இறக்கி, ஜிப்பைப் பிரித்து, 'லோட் டிரைவர்' கொடுத்ததும் வட்டு தெரிந்தது. பிறகு இணைய இணைப்பைக் கேட்டது. வைஃபைக்கும் டிரைவர் இல்லை. விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை நிரலான பயாஸில் விஎம்டியை அணைத்துவிடலாமே என்று சிலர் குறுக்குவழி சொல்வார்கள். பழைய விண்டோஸை வைத்துக்கொண்டே அப்படிச் செய்தால் அது பூட் ஆகாமல் நிற்கலாம், அல்லது வட்டைப் பூட்டிப் பாதுகாக்கும் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம்.

சீலை வேறு யாராவது உடைத்திருந்தால் என் பதில் நேர்மாறானது. விற்பவர் "எல்லாம் போட்டுத் தருகிறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டது, இயங்குதளமின்றி வாங்கியதை யாரோ 'ஆக்டிவேட்' செய்துகொடுத்தது, காட்சிக்கு வைத்திருந்தது என எதுவானாலும் தயங்காமல் ஃபார்மட் செய்யுங்கள். உரிமமில்லாத விண்டோஸை உரிமம் பெற்றதுபோல் காட்டும் திருட்டு ஆக்டிவேட்டர்கள் பெரும்பாலும் ஆன்டிவைரஸின் கண்ணைக் கட்டிவிட்டே வேலையைத் தொடங்கும். ஆகவே டிஃபெண்டர் சோதிக்காமல் விட்டுவிடும் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஃபோல்டர் அங்கே இருந்தால் வேறு சான்று வேண்டாம்.

தொழிற்சாலையிலிருந்தே கறைபட்டு வந்ததும் உண்டு. 2015 பிப்ரவரியில், லெனோவோவின் சில மாடல்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் முன்பே நிறுவப்பட்டிருந்தது அம்பலமானது. ஒரு தளம் உண்மையானதா என்று கணினி முடிவுசெய்ய அடிப்படையாகக் கொள்ளும் ரூட் சான்றிதழ்களில், தன்னுடையதையும் அது விண்டோஸில் பதித்திருந்தது. எல்லாக் கணினிகளிலும் ஒரே ரகசியச் சாவி என்பதால், அது கிடைத்த எவரும் வங்கித் தளத்தைப் போலவே ஒரு போலித் தளத்தை நம்பவைக்க முடிந்தது. செயலியை நீக்கினாலும் சான்றிதழ் தங்கிவிட்டது. ஃபார்மட் செய்தவர்கள் அதிலிருந்து தப்பினார்கள். ஆனால் அதே ஆண்டில் வெளிவந்த இன்னொரு விவகாரத்தில், அந்நிறுவனத்தின் சில மாடல்களில் பயாஸே ஒவ்வொரு பூட்டின்போதும் விண்டோஸுக்குள் ஒரு நிரலை எழுதிக்கொண்டிருந்தது. எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் அது திரும்ப வந்தது, பயாஸ் அப்டேட்தான் தீர்வானது.

செய்வதென்று முடிவெடுத்தால், உங்கள் கோப்புகள் ஏறுவதற்கு முன், முதல் நாளிலேயே செய்யுங்கள். கூடவே கொடுக்கப்பட்ட ஆஃபீஸ் உரிமத்தை முதலில் உங்கள் கணக்கோடு இணையுங்கள். நம்பகமான வேறொரு கணினியில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே 8 ஜிபி பென் டிரைவைத் தயார்செய்து, வட்டு, வைஃபை, டச்பேடு டிரைவர்களையும் அதில் வையுங்கள். விண்டோஸோடு விற்கப்பட்ட மடிக்கணினியில் உரிமச் சாவி, மதர்போர்டில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேரிலேயே இருக்கும். அதே ஹோம் அல்லது புரோ பதிப்பை நிறுவினால், இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். அதற்கென்று யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அந்த இளைஞர் எதற்காக ஃபார்மட் செய்தார் என்று பிறகுதான் கேட்டேன். தயாரிப்பாளரின் உதவிச் செயலி அடிக்கடி எட்டிப்பார்த்துத் தொல்லை கொடுத்ததாம். ஃபார்மட் செய்த இரண்டாம் நாள் விண்டோஸ் அப்டேட் வழியாக அது மீண்டும் வந்து உட்கார்ந்துகொண்டது.