தெளிந்த தண்ணீரும் நேர்மையான மாதிரியும்

"பாருங்க சார், கண்ணாடி மாதிரி இருக்கு. சும்மா ஒரு ரிப்போர்ட் குடுத்தீங்கன்னா போதும்."

குளிர்பான பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்தவர், அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான், தண்ணீர் தெளிவாகவே இருந்தது. ஆனால் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் மூன்று வாரமாக விட்டு விட்டு வயிற்றுப்போக்கு. அந்த பாட்டிலை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவருக்கு வருத்தம்தான். காரணத்தைச் சொன்னதும் உட்கார்ந்து கேட்டார்.

தண்ணீர்ப் பரிசோதனையே என் வேலை. இத்தனை வருடத்தில் எனக்கு உறைத்த ஒன்றைத்தான் எழுதுகிறேன். தண்ணீருக்கான சட்டம் எத்தனை கடுமையாக இருந்தாலும், அது நம் வீட்டுக் குழாய்வரை வந்து சேருவது ஒரு மாதிரி பாட்டில் வழியாகத்தான். அங்கே கோளாறு நடந்தால் சட்டம் பாதி வழியில் நின்றுவிடும்.

முதலில் அந்தக் குளிர்பான பாட்டில். என்னதான் கழுவினாலும் அதில் கிருமி இருக்கும். இருப்பது தண்ணீரின் கிருமியா, பாட்டிலின் கிருமியா என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. குளோரின் கலந்த தண்ணீராக இருந்தால் இன்னொரு சிக்கல்: பாட்டிலுக்குள்ளேயும் குளோரின் கிருமிகளைக் கொன்றுகொண்டே இருக்கும். லேபுக்கு வந்து சேரும்போது குழாயில் இருந்ததைவிட சுத்தமான தண்ணீராகிவிடும். அதனால்தான் கிருமி நீக்கிய பாட்டிலில் முன்னதாகவே சிறிது சோடியம் தயோசல்பேட் போட்டு வைப்போம். தண்ணீர் உள்ளே விழுந்த கணமே குளோரின் அடங்கிவிடும்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்கே போனேன். குழாயின் வாயைச் சுடர் காட்டிச் சுட்டு, கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உட்புறம் விரல் படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஐஸ் இல்லாவிட்டால் வழியிலேயே கிருமியின் எண்ணிக்கை மாறிவிடும்.

லேபில் 100 மில்லி தண்ணீரை, கட்டம் போட்ட வெள்ளை வடிதாள் வழியாக உறிஞ்சி இழுப்போம். அதன் துளைகள் 0.45 மைக்ரான் அளவு, நாங்கள் தேடும் கிருமி தாண்ட முடியாது. தாளை ஊட்டச்சத்துத் தட்டில் பரப்பி 44.5 டிகிரியில் ஒருநாள் வைத்தால், மனித, விலங்குக் கழிவிலிருந்து வரும் வகைக் கிருமிகள் நீலப் புள்ளிகளாக முளைக்கும். அவர் வீட்டுத் தாளில் எண்ணி முடிக்க முடியாத அளவுக்கு நீலம். ஒரு புள்ளிகூட இருக்கக்கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்: 100 மில்லியில் பூஜ்யம். காலரா, டைபாய்டு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடிக்கொண்டிருக்க முடியாது. மலம் கலந்த தடயம் தெரிந்தாலே போதும், நோயும் அதே வழியில் வரலாம் என்று அர்த்தம்.

"டிடிஎஸ் மீட்டர் வச்சுப் பார்த்தேனே, நல்லாத்தானே காட்டுச்சு" என்றார். இதை வாரத்துக்கு நான்கு பேராவது கேட்கிறார்கள். அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, கரைந்த உப்பின் அளவைச் சொல்கிறது, அவ்வளவுதான். கிருமி அதற்குத் தெரியாது. ஈயமும் தெரியாது. குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு. முழு மில்லிகிராம்களாகக் காட்டும் மீட்டரில் அது அசைவைக்கூட உண்டாக்காது.

சரி, சட்டத்துக்கு வருவோம். சுத்தமான குடிநீர் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலையில் தீர்மானம் போட்டது. மாசற்ற தண்ணீரும் காற்றும் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று 1991-இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. இவை பெரிய வார்த்தைகள், தேவையானவை. ஆனால் என் தொழில் கண்ணுக்கு அதிகம் பிடித்தது, இந்தியாவின் 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. கழிவுநீர் மாதிரியை எப்படி எடுக்க வேண்டும் என்று அது படிப்படியாகச் சொல்கிறது. ஆலைக்காரருக்கு நோட்டீஸ் தர வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இந்த முறையைப் பின்பற்றாமல் எடுத்த மாதிரியின் முடிவை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. ஆற்றையே கெடுத்தவர்கூட ஒரு முத்திரை சரியில்லை என்று தப்பிவிடலாம். ஆகவே மாதிரி எடுக்கப் போகும் அலுவலருக்கு நல்ல பயிற்சி தருவதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை.

மாதிரியில் நடக்கும் தவறு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் சாட்சி. 2014 ஏப்ரலில் அந்த நகரம் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் இறங்கியது. சட்டம் இல்லாத ஊரல்ல அது. ஈயத்துக்கான விதி 1991-லேயே வந்துவிட்டது: குறைந்தது ஆறு மணி நேரம் குழாயில் தேங்கி நின்ற முதல் தண்ணீரைத்தான் பிடிக்க வேண்டும், பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆனால் மாதிரி பிடிப்பதற்கு முந்தைய இரவே குழாயைச் சில நிமிடங்கள் திறந்து ஓடவிடும்படி மக்களிடம் சொல்லப்பட்டது. ஈயத்தில் ஒரு பகுதி அப்படியே சாக்கடைக்குப் போனது. அதோடு, 2015 கணக்கிலிருந்து இரண்டு மாதிரிகள் நீக்கப்பட்டன. அவை இருந்திருந்தால் எல்லை தாண்டியது தெரிந்திருக்கும். கடைசியில் உண்மையை வெளியே கொண்டுவந்தவர்கள், விடாமல் கேட்ட ஊர்மக்களும், தனியாகச் சோதித்த வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தைக் கணக்கிட்டுக் காட்டிய மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷாவும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், அந்தப் பாதிப்பைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே உங்கள் கைக்கு ஒரு ரிப்போர்ட் வந்தால், முடிவுக்கு முன்னால் மேல்பகுதியைப் படியுங்கள். மாதிரி எந்தக் குழாயில் எடுத்தது? சுத்திகரிப்பு நிலைய வாசலிலா, கடைக்கோடி வீட்டிலா? யார் எடுத்தார்கள், எத்தனை மணிக்கு, லேபுக்கு எப்போது வந்தது? நுண்ணுயிர்ச் சோதனைக்கு 24 மணி நேரத்தைத் தாண்டிவிட்டிருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். "மாதிரி வாடிக்கையாளரால் கொண்டுவரப்பட்டது" என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தால், அந்த முடிவு அந்த பாட்டிலுக்கு மட்டுமே பொருந்தும். பொதுக் குழாய்த் தண்ணீர் என்றால், ரிப்போர்ட்டை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்பதற்கு யாரும் தயங்க வேண்டியதில்லை.

அந்த வீட்டில் தரைத்தொட்டியின் பக்கச் சுவரில் விரிசல் இருந்தது. பக்கத்திலேயே கழிவுநீர்க் குழாய். விரிசலை அடைத்தார்கள், கழிவுநீர்க் குழாயை மாற்றினார்கள், தொட்டியைக் கழுவிக் குளோரின் போட்டார்கள். அதுவரை தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லியிருந்தேன். இரண்டாம் முறை தாளில் மூன்று நீலப் புள்ளிகள். "மூணுதானே சார்?" என்றார். இல்லை என்று சொல்லி, தொட்டியிலிருந்து வரும் பழைய குழாயையும் குளோரின் விட்டுக் கழுவச் சொன்னேன். மூன்றாம் மாதிரிக்கு அவரே லேபுக்கு வந்து, கிருமி நீக்கிய பாட்டிலும் ஐஸ் பெட்டியும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.