ரிலீஸ் பண்ணிட்டுத்தான் அமுக்கினோம்ணா!

என் பட்டறை மேசையில் இப்போது மூன்று பின்சக்கரக் காலிபர்கள் (உள்ளிருக்கும் பிஸ்டனால் பிரேக் பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் கிடுக்கிகள்) கிடக்கின்றன. மூன்றும் லிவருக்குப் பதில் சுவிட்ச் வைத்த ஹேண்ட்பிரேக், அதாவது எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியுடையவை; வேறு வேறு கம்பெனி, ஒரே மாதத்தில் வந்தவை, மூன்றிலும் ஒரே தவறு. முதல் இரண்டுக்கு வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தேன். மூன்றாவது வந்த அன்று ராத்திரி எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாவது வண்டிக்காரர் சனிக்கிழமை குடும்பத்தோடு வால்பாறை போவதாக இருந்தார். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. பொறுப்பான மனிதர், அதனால் வியாழக்கிழமையே வீட்டுப் பக்கத்துக் கடையில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் பேட் மாற்றிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை ஹேண்ட்பிரேக் சுவிட்சைத் தொட்டதும் பின்னாலிருந்து கறகறவென்று சத்தம், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. வலது பின்சக்கரம் அசையவில்லை. ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவந்தார்கள்.

பேட் மாற்றிய பையனிடம் போனில் கேட்டேன். "அண்ணா, ஹேண்ட்பிரேக்கை ரிலீஸ் பண்ணிட்டுத்தான் பிஸ்டனை அமுக்கினோம். கொஞ்சம் டைட்டா இருந்துச்சு, கிளாம்ப்ல பைப் மாட்டித் திருகிட்டோம்" என்றான். பொய் சொல்லவில்லை. பிஸ்டன் முகத்தில், திருகி இறுக்கும் ஜி-கிளாம்ப்பின் வட்டத் தடம் பளிச்சென்று இருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஸ்பிண்டில் என்ற திருகுத் தண்டின் மரை நசுங்கி, கிரீசில் இரும்புத் தூள் மினுமினுத்தது.

"ரிலீஸ் பண்ணிட்டோம்." இந்த வார்த்தையைக் கேட்டால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. முந்தைய இரண்டு கடையிலும் இதையேதான் சொன்னார்கள். அதனால் இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேபிள் ஹேண்ட்பிரேக்கில் லிவரை இறக்கினால் கேபிள் தளர்ந்துவிடும். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கில் கேபிளே கிடையாது. பின் காலிபரின் முதுகில் கறுப்பாக ஒரு மோட்டார் உட்கார்ந்திருக்கும். அது ஒரு ஸ்பிண்டிலைச் சுழற்றும், ஸ்பிண்டிலின் மேல் ஒரு நட்டு, அந்த நட்டு பிஸ்டனின் குழிக்குள்ளே. சுவிட்சைப் போட்டால் நட்டு முன்னால் நகர்ந்து பிஸ்டனைத் தள்ளும். சரி, ரிலீஸ் செய்தால் நட்டு எவ்வளவு தூரம் பின்னால் போகும்? பேட் டிஸ்க்கை விட்டு விலகும் அளவுக்குத்தான். ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுசாக வீட்டுக்குப் போகாது, வாசல் வரை போய் நிற்கும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 10 மில்லிமீட்டர் பேட் தேய்ந்து 3 ஆகிவிட்டது. உள்பேட், வெளிபேட் இரண்டும் அப்படித் தேய்ந்திருந்தால், நகரும் காலிபரில் பிஸ்டன் 14 மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும். தடிமனான புதுப் பேட்டுக்கு இடம் விட, அது அவ்வளவும் திரும்ப உள்ளே போக வேண்டும். பேட் தேயத் தேய நட்டும் கூடவே முன்னால் வந்திருக்கும். ரிலீஸ் செய்தபோது அது விட்டுக்கொடுத்தது ஒரு மில்லிமீட்டர். மிச்சம் 13 மில்லிமீட்டருக்கு நட்டு பிஸ்டனுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நிற்கிறது. கதவுக்குப் பின்னால் கட்டை முட்டுக் கொடுத்திருக்கும்போது வெளியிலிருந்து தோளால் இடித்தால் என்ன ஆகும்? அதைத்தான் ஜி-கிளாம்ப்பில் பைப் மாட்டிச் செய்கிறோம்.

இதற்குத்தான் சர்வீஸ் மோடு. வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனரில் பார்க்கிங் பிரேக் பகுதிக்குள் போய்க் கட்டளை கொடுத்தால் மோட்டார் நட்டைக் கடைசி வரை பின்னால் இழுத்துக்கொள்ளும். சில வண்டிகளில் ஸ்கேனரே வேண்டாம், பெடலும் சுவிட்சுமாகச் சேர்த்து அழுத்தும் வரிசை மேனுவலில் இருக்கும். அந்த மாடலுக்கு உரிய வரிசையைப் பாருங்கள். யூடியூபில் வேறு வண்டிக்குப் போட்டிருப்பதைப் பார்த்து முயற்சி செய்யாதீர்கள். சர்வீஸ் மோடுக்குப் போனபின் பிஸ்டன் நிதானமாக உள்ளே போகும். பலம் பிடிக்கிறது என்றால் கையை எடுத்துவிட்டு, ஏன் என்று பாருங்கள்.

பேட்டரி டெர்மினலைக் கழற்றினால் போதும் என்று ஒரு கட்சி இருக்கிறது. கரண்ட் போனால் நட்டு நின்ற இடத்திலேயே நிற்கும், அவ்வளவுதான். மோட்டாரில் நேராக 12 வோல்ட் கொடுத்து ஓட்டிவிடலாம் என்று இன்னொரு கட்சி. ஓடும். மோட்டார் இழுக்கும் கரண்டை வைத்துத்தான் எப்போது நிறுத்துவது என்று கண்ட்ரோல் யூனிட் முடிவு செய்கிறது. நேராக ஒயர் கொடுத்தால் நிறுத்த ஆள் கிடையாது. கடைசியில் போய் முட்டி கியர் பல் போகும், அது போகாவிட்டாலும் நட்டு எங்கே இருக்கிறது என்ற கணக்கு யூனிட்டுக்குத் தப்பிவிடும். பழைய கேபிள் காலிபருக்கு வாங்கிய, பிஸ்டனைச் சுழற்றி உள்ளே இறக்கும் டூலையும் இதில் மாட்டாதீர்கள். மோட்டார் காலிபர் பிஸ்டனை நேராகத் தள்ளினால் போதும்.

விரல் விஷயத்துக்கு வருகிறேன். பல வண்டிகளில் இஞ்சினை அணைத்தால் பார்க்கிங் பிரேக் தானாகப் பிடிக்கும். நீங்கள் காலிபருக்குள் கை விட்டிருக்கும்போது உள்ளே உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் பையன் சுவிட்சைத் தட்டினால், ஒரு டன்னுக்கு மேல் அழுத்தம் வரும். சாவியை உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் கீ என்றால் வண்டியை விட்டுத் தள்ளி வையுங்கள். 2002 முதல் 2006 வரை வந்த மெர்சிடிஸ் ஈ கிளாஸின் எஸ்பிசி என்ற எலக்ட்ரானிக் பிரேக்கும், டொயோட்டா பிரியஸின் பிரேக்கும் இன்னும் ஒரு படி மேலே. கதவைத் திறந்தாலே பம்ப் விழித்துக்கொண்டு பிரஷர் ஏற்றும், பிஸ்டன் தானாக வெளியே வரும். அவற்றை ஸ்கேனரில் முடக்காமல் வீல் போல்ட்டைக்கூடத் தொடாதீர்கள்.

ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்ட வண்டிக்குக் கட்டை வைக்க வேண்டும் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், வையுங்கள். பின்சக்கரம் இழுக்கும் எலக்ட்ரிக் வண்டிகள் வந்துவிட்டன. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் 'பி' கியரில் போட்டும் பிரயோஜனம் இல்லை.

பிரேக் ஆயில். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது காலிபரில் வெந்து கறுத்த ஆயில் அப்படியே, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் ஏறுகிறது. காலிபரில் ஆயிலை வெளியே விடும் பிளீடர் திருகில் டியூப் மாட்டித் திறந்து, அழுக்கை வெளியே விட்டுக்கொண்டே தள்ளுங்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும், காற்றிலிருந்து ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் பெடல் தரையைத் தொடுவதற்கு அந்த வித்தியாசம் போதும். போன வருஷம் திறந்து மூடி வைத்த பாட்டிலை என்னிடம் எடுத்து வராதீர்கள். ரிசர்வாயர் என்ற ஆயில் டப்பா காலியாகி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால், பெடலை மிதித்து ஏர் எடுப்பது மட்டும் பல வண்டிகளில் பத்தாது, ஸ்கேனரில் வால்வுகளை இயக்கித்தான் எடுக்க வேண்டும்.



வேலை முடிந்ததும் முதலில் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். அப்புறம் சர்வீஸ் மோடிலிருந்து வெளியே வந்து, பார்க்கிங் பிரேக்கை இரண்டு மூன்று தடவை போட்டு எடுங்கள். ஸ்கேனர் கேலிப்ரேஷன் கேட்டால் செய்துவிட்டு, எரர் கோடு எதுவும் மிச்சமில்லை என்று பார்த்தபின் வண்டியை நகர்த்துங்கள். பெடலை மிதிக்காமல் ரிவர்ஸ் எடுத்துச் சுவரில் சாத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வண்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். லிவருக்குப் பதில் சுவிட்ச் இருந்தால், பின் பேட் மாற்றும் முன் கடைக்காரரிடம், "அண்ணா, சர்வீஸ் மோடு போடுவீங்கள்ல?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். "அதெல்லாம் தேவையில்லைங்க, ரிலீஸ் பண்ணிட்டாப் போதும்" என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கூலியில் மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய். காலிபரின் விலையைச் சொன்னபோது அந்த மனிதர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வால்பாறைக்கு வாடகை வண்டியில் போய் வந்துவிட்டார்கள். இவர் வண்டி இன்னும் என் இரண்டாவது ராம்ப்பில்தான் நிற்கிறது. வலது காலிபர் ஆர்டர் போட்டு ஆறு நாள் ஆகிறது.