வண்டியை நிமிர்த்தினால் தெரிந்துவிடும்

"சைடு லாக் போட்டுத்தான் நிறுத்தினேன். காலையில் பார்த்தால் வண்டி இல்லை. பூட்டிய வண்டியை எப்படிக் கொண்டுபோனான்? அலாரம் வாங்குவதா, ஜி.பி.எஸ். வாங்குவதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மாதத் தவணை கட்டி வாங்கிய வண்டி போனால் வேலைக்குப் போவதும் பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் சேர்ந்தே நின்றுவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் சைடு லாக். ஹேண்டிலைத் திருப்பிச் சாவியை அழுத்திச் சுழற்றும்போது, பூட்டின் அடியிலிருந்து ஓர் எஃகு முளை வெளியே வந்து ஒரு பள்ளத்தில் உட்காரும். ஹேண்டிலும் வண்டியின் சட்டமும் அதோடு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். முளை நல்ல எஃகுதான். கோளாறு அது இருக்கும் இடத்தில். ஹேண்டில் சுழலும் அச்சிலிருந்து கைப்பிடியின் முனை சுமார் 35 செ.மீ. தள்ளி இருக்கிறது. முளை இருப்பதோ அச்சிலிருந்து 3 செ.மீ. தூரத்தில். எட்டாம் வகுப்பு நெம்புகோல் கணக்குதான்: கைப்பிடி முனையில் 50 கிலோ விசை கொடுத்தால் முளையின் மேல் ஏறத்தாழ 580 கிலோ விழும். கையால் இழுப்பதைவிடக் காலால் உதைத்தால் இன்னும் அதிகம். அந்த அடியை முளை தாங்கினாலும் அதைப் பிடித்திருக்கும் வார்ப்பு அலாய் (உலோகக் கலவை) கூடு தாங்குவதில்லை, விரிசல் விட்டுவிடும்.

பழைய வண்டியில் இன்னொரு கேடு, ஆட்டம். முளைக்கும் பள்ளத்துக்கும் நடுவே தேய்மானத்தால் இடைவெளி விழுந்தால், உதைபட்ட ஹேண்டில் அந்த இடைவெளியில் வேகமெடுத்துப் பிறகு மோதும். தள்ளுவது போய்ச் சுத்தியல் அடியாகிவிடுகிறது. இன்றே சைடு லாக் போட்டுவிட்டு ஹேண்டில் முனையை ஆட்டிப் பாருங்கள். மூன்று விரல் அகலத்துக்கு மேல் ஆடினால் பூட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது. மாற்றும்போது இக்னிஷன், டாங்க் மூடி, சீட் மூன்றுக்கும் சேர்த்து செட்டாக மாற்றுங்கள். சாவித்துளைக்குள் இருக்கும் மெல்லிய பித்தளைத் தகடுகளும் பத்து வருடத்தில் தேய்ந்து, கிட்டத்தட்டப் பொருந்தும் வேறு சாவிக்கும் இடம் கொடுத்துவிடும்.

சைடு லாக் தனியாகப் போதாது என்பது இப்போது புரிந்திருக்கும். அடுத்தது சங்கிலி. 100 சி.சி. வண்டியின் எடை 110 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். இரண்டு பேர் தூக்கிக் குட்டி யானையில் ஏற்றிவிட முடியும். பிரேக் தட்டில் மாட்டும் டிஸ்க் லாக், சக்கரம் சுழல்வதைத் தடுக்குமே தவிர, தூக்குவதைத் தடுக்காது. எனவே நகராத ஒன்றோடு வண்டியைக் கட்ட வேண்டும்: தரையில் கான்கிரீட்டில் பதித்த வளையம், கேட்டின் தூண், மாடிப்படிக் கம்பி. சங்கிலியை முன்சக்கரத்தின் வழியாக மட்டும் விடாதீர்கள், சக்கரம் நாலு திருகில் கழன்றுவிடும். பின்சக்கரத்தையும் அதைத் தாங்கும் இரும்புக் கையான ஸ்விங் ஆர்மையும் சேர்த்துச் சுற்றுங்கள்.

சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. பெரிய கம்பி வெட்டும் கத்தரியின் ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையின் மேல் உடல் எடை முழுவதையும் போட்டு வெட்டுவதுதான் வழக்கம். தரையில் கிடக்கும் சங்கிலி அதற்குத் தோதாக அமைந்துவிடுகிறது. அந்தரத்தில் இறுக்கமாக நின்றால் வெறும் கைபலம்தான் மிச்சம். எஃகின் தரமும் முக்கியம். முழுக்கக் கடினமாக்கிய எஃகு கண்ணாடிபோல நொறுங்கும், முழுக்க மென்மையான எஃகு வெண்ணெய்போல வெட்டுப்படும். நல்ல சங்கிலியில் மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்டு உள்ளே இளக்கம் விடப்பட்டிருக்கும். கண்ணி 10 மி.மீ. இருந்தால் சாதாரணக் கத்தரிக்குக் கஷ்டம். 16 மி.மீ. என்றால் கைக்கத்தரி அநேகமாகத் தோற்றுவிடும். பேட்டரியில் ஓடும், இரும்பு அறுக்கும் கிரைண்டர் கிட்டத்தட்ட எதையும் வெட்டும். ஆனால் தீப்பொறியும் சத்தமும் இல்லாமல் வெட்ட முடியாது. கடையில் பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கும் மெல்லிய கேபிள் லாக், ஹெல்மெட்டைக் கட்டிவைக்க மட்டும்தான் லாயக்கு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் பூட்டுகளை உண்மையான கருவிகளால் தாக்கிப் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் பிரிக்கும் அமைப்பு இருக்கிறது. நெதர்லாந்தில் நட்சத்திரக் குறி தருகிறார்கள். இருசக்கர வண்டிகள் இத்தனை கோடி ஓடும் நம் நாட்டில், கடையில் வாங்கும் வண்டிப் பூட்டின் அட்டையில் அப்படி ஒரு தரக்குறியைத் தேடினாலும் பார்க்க முடிவதில்லை. நம் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் விசையை அளக்கும் கருவிகள் தூசி படிந்து கிடக்கின்றன. சிறு தொகை ஒதுக்கினால்கூடப் பூட்டுகளை உடைத்துப் பார்த்து முடிவுகளை மக்களுக்குச் சொல்லலாம். அரசு இதைச் செய்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி அலாரம். மலிவான அலாரத்துக்குள் இருப்பது ஒரு சின்ன ஸ்பிரிங், அதன் நடுவே தொடாமல் நிற்கும் ஒரு கம்பி. வண்டி அதிர்ந்தால் ஸ்பிரிங் ஆடிக் கம்பியைத் தொடும், மின்சுற்று மூடும், சைரன் அலறும். தொட்டதா, தொடவில்லையா என்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. தண்ணீர் லாரி போனாலும் அலறும், தீபாவளி வெடிக்கும் அலறும், பூனை ஏறினாலும் அலறும். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், நான்காம் நாள் நாமே அதை அணைத்துவைப்போம். திருடனுக்கும் இது தெரியும். தூரத்தில் நின்று கல்லெறிந்து நாலு தடவை அலறவிட்டால், ஐந்தாம் தடவை யாரும் ஜன்னலைத் திறந்து பார்ப்பதில்லை.

நல்ல அலாரம் அதிர்வை விட்டுவிட்டுச் சாய்வைப் பார்க்கிறது. அதற்குள் இருக்கும் முடுக்கமானி (அசைவையும் சாய்வையும் அளக்கும் கருவி), 3 மி.மீ. சதுரச் சில்லு. 1990-களின் தொடக்கத்தில் கார் மோதும்போது காற்றுப்பையை விரிப்பதற்காகச் சந்தைக்கு வந்த தொழில்நுட்பம், இன்று உங்கள் செல்போன் திரையைத் திருப்பிவிடுகிறது. சில்லுக்குள் சிலிக்கானில் செதுக்கிய ஒரு குட்டிப் பாளம், சிலிக்கான் ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. பாளத்தின் ஓரத்தில் சீப்புப் பற்கள்போல வரிசை, எதிரே நிலையான இன்னொரு வரிசை. இரண்டுக்கும் நடுவே இடைவெளி ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர், நம் தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. பாளம் ஒரு பக்கம் நகர்ந்தால் இடைவெளி மாறும், மின்தேக்குத்திறன் (அந்த வரிசைகள் மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு) மாறும், அதை எண்ணாகப் படித்துவிடலாம்.

வண்டி அசையாமல் நிற்கும்போதும் இந்தப் பாளம் சும்மா இருப்பதில்லை என்பதுதான் இதில் உள்ள அழகு. பூமி அதை இரவு பகலாகக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. சில்லு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கேற்ப அந்த இழுப்பு மூன்று அச்சுகளுக்கும் பிரிந்து விழும்.

சைடு ஸ்டாண்டில் வண்டி சுமார் 10 டிகிரி சாய்ந்து நிற்கிறது. பக்கவாட்டு அச்சில் விழும் பங்கு சைன் 10, அதாவது புவியீர்ப்பில் 0.17 மடங்கு. திருடன் செய்யும் முதல் வேலை வண்டியை நிமிர்த்துவது. நிமிர்த்தியதும் இந்த 0.17 பூஜ்யமாகிவிடும். சில்லோ 0.001 அளவு மாற்றத்தையே படிக்க வல்லது. மேல்கீழ் அச்சைப் பார்த்தால் கொசைன் 10, அதாவது 0.985. நிமிர்த்தினால் 1. மாற்றம் வெறும் 0.015. ஒரே சாய்வு, ஒரே இழுப்பு. பக்கவாட்டில் பார்த்தால் பத்து மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரிகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்த சைன், கொசைன் அட்டவணை தெருவில் நம் வண்டிக்குக் காவல் நிற்கிறது!

லாரி போனால் என்ன ஆகும்? அளவு நொடிக்குப் பல முறை மேலும் கீழுமாகத் துள்ளும், ஆனால் ஒரு நொடிக்குச் சராசரி எடுத்தால் பழைய 0.17-க்கே வந்து நிற்கும். வண்டியை நிமிர்த்தினால் சராசரியே இடம் மாறிவிடும், திரும்பி வராது. இந்த வேறுபாட்டைக் கவனித்தாலே பொய் அலறல் பெரும்பாலும் நின்றுவிடும். மெதுவான மாற்றத்தையும் அது பொறுத்துக்கொள்ள வேண்டும். கத்திரி வெயிலில் தார் இளகி ஸ்டாண்டு அங்குலம் அங்குலமாக இறங்கும், மழையில் மண் இளகும். நல்ல கருவி சில நிமிடத்துக்கு ஒருமுறை தன் ஆரம்ப அளவைத் திருத்திக்கொள்ளும்.

சென்டர் ஸ்டாண்டில் கதை வேறு. வண்டி ஏற்கெனவே நிமிர்ந்துதான் நிற்கிறது. ஸ்டாண்டிலிருந்து இறக்கும்போது முன்பின்னாக ஒரு டிகிரியை ஒட்டித்தான் மாறும், அதாவது 0.02. ஆகவே சாய்வு அலாரம் போட்டவர்கள் சைடு ஸ்டாண்டில் நிறுத்துவதே நல்லது. கருவியைச் சட்டத்தோடு இறுக்கமாகத் திருகுங்கள். ஒயரில் தொங்கவிட்டாலோ பஞ்சு டேப்பில் ஒட்டினாலோ அது தன் சொந்த ஆட்டத்தையே அளந்துகொண்டிருக்கும். சைரனுக்குத் தனி பேட்டரி உள்ளதாக வாங்குங்கள். இல்லாவிட்டால் வண்டி பேட்டரியின் ஒயரைப் பிடுங்கியதும் ஊமையாகிவிடும்.

ஜி.பி.எஸ். டிராக்கர் திருட்டைத் தடுக்காது, திருடிய பிறகு தேட உதவும். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் இருக்கும் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் நேரத்தை ஒப்பிட்டு இடத்தைக் கணக்கிடுகிறது. கணக்கில் ஒரு மைக்ரோ நொடி (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பிசகினால் 300 மீட்டர் பிசகும். தரைக்கு வந்துசேரும் சிக்னலின் பலமோ, ஒரு வாட்டை நூறு கோடி கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. இரும்பு டாங்க்குக்கு அடியில் ஒளித்தால் அதுவும் கிடைக்காது. சீட்டுக்கு அடியிலோ பிளாஸ்டிக் பேனலுக்கு உள்ளேயோ, ஆன்டெனா வானம் பார்க்க வையுங்கள்.

பலர் ஏமாறுவது மின்சாரத்தில். டிராக்கர் விழித்திருக்கும்போது 50 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். 100 சி.சி. வண்டியின் 4 ஆம்பியர் மணி (4 ஆம்பியரை ஒரு மணி நேரம் தரக்கூடிய) பேட்டரி 80 மணி நேரத்தில் முழுசாகக் காலி, செல்ஃப் அதற்கு முன்பே எடுக்காது. தூங்கும்போது 5 மில்லி ஆம்பியராகக் குறையும் கருவி என்றால் அதே பேட்டரி 33 நாள் தாங்கும். ஆகவே வாங்கும்போது தூக்க நிலை எவ்வளவு எடுக்கிறது என்று கேளுங்கள். டிராக்கரின் உள்பேட்டரி 150 மில்லி ஆம்பியர் மணி என்றால், ஒயர் அறுந்த பிறகு சுமார் மூன்று மணி நேரம் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த மூன்று மணி நேரம்தான் உங்கள் கையில் இருக்கிறது. இடத்தை உங்கள் போனுக்கு அனுப்பும் சிம் விஷயத்திலும் கவனம் தேவை. 2ஜி மட்டும் உள்ள கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது. ரீசார்ஜ் முடிந்துபோனதை வண்டி போன அன்றுதான் கண்டுபிடிப்பவர்கள் ஏராளம். மாதம் ஒருமுறை வண்டியைத் தெருமுனைவரை தள்ளிப் பார்த்து எச்சரிக்கை வருகிறதா என்று சோதியுங்கள்.

இன்ஜினை நிறுத்தும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) சேர்ப்பதானால் அதன் எந்தக் கம்பத்தில் (இணைப்பு முனையில்) இணைப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், மெக்கானிக்கிடம் விட்டுவிடாதீர்கள். ஐந்து கம்ப ரிலேயில் 30, 87ஏ என்று எண்ணிட்ட இரண்டு கம்பங்களும் சும்மா இருக்கும்போதே இணைந்திருக்கும். அதில் பெட்ரோல் பம்ப் ஒயரை விட்டால், ரிலே கெட்டாலும் வண்டி ஓடும், நடுரோட்டில் நிற்காது. ஆனால் டிராக்கர் ஒயரை அறுத்தவனுக்கும் அது ஓடும். ரிலேக்கு மின்சாரம் போனால் மட்டும் இணையும் 30-87 வழியாக விட்டால், அந்த மின்சாரத்தைக் கொடுக்கும் மறைவான ஸ்விட்ச் இல்லாமல் வண்டி கிளம்பவே கிளம்பாது. ஆனால் ரிலே பழுதானால் நீங்களும் தள்ள வேண்டியதுதான். மறைவு ஸ்விட்சுக்கு 30-87, டிராக்கருக்கு 87ஏ என்பதே என் தேர்வு. ஸ்விட்சில் பம்ப் மின்சாரத்தை நேராக விடாதீர்கள், ரிலே சுருள் எடுக்கும் 150 மில்லி ஆம்பியர் மட்டும் போகட்டும், சூடாகாது. ஓடும் வண்டியை ஒருபோதும் போனிலிருந்து நிறுத்தாதீர்கள், பின்னால் பஸ் வரும். டிராக்கரில் 'கட்' கொடுத்துவிட்டு வெளியூர் போனால் அதே 150 மில்லி ஆம்பியர் ஒரு நாள் சொச்சத்தில் பேட்டரியை உறிஞ்சிவிடும். இணைப்பை முறுக்கி டேப் சுற்றாமல் ஈயம் வைத்து உறை போடுங்கள். முதல் மழையில் வண்டி நின்றுபோக இந்த முறுக்கும் ஒரு காரணம்.

ஆப்பிளின் ஏர்டேக் போன்ற, பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் வில்லைகளில் ஜி.பி.எஸ். கிடையாது. அருகே போகும் போன்கள் வழியாகத்தான் இடம் தெரியும். யாரையும் ரகசியமாகப் பின்தொடரக் கூடாது என்பதற்காக, கூடவே நகரும் வில்லையைப் பற்றித் திருடனின் போனுக்கே எச்சரிக்கை போகும். இரண்டாம் துணையாக வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

வண்டி போய்விட்டால் மை போட்டுப் பார்ப்பவரிடம் ஓடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மனம் பதறும்போது யாராவது திசை சொன்னால் போதும் என்றிருக்கும், அந்த வேதனை புரிகிறது. ஆனால் வடக்கே இருக்கிறது, தெற்கே இருக்கிறது என்று கேட்டு அலையும் நேரத்தில் டிராக்கரின் அந்த மூன்று மணி நேரம் கரைந்துவிடும். முதலில் அவசர எண் 112-க்கு அழையுங்கள். டிராக்கரின் நேரலை இணைப்பைப் போலீசாரிடம் கொடுங்கள், நீங்கள் தனியாக அந்த இடத்துக்குப் போகாதீர்கள். குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ம் பிரிவுப்படி எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்வழியில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும்.

அன்றே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லுங்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் திருட்டுக்குப் பணம் கிடையாது. முழுப் பாலிசி என்றால் முதல் தகவல் அறிக்கை, வண்டி கிடைக்கவில்லை என்ற காவல்துறைச் சான்று, கூடவே இரண்டு சாவிகளும் கேட்பார்கள். ஒரு சாவி இல்லையென்றால், வண்டியிலேயே விட்டுவிட்டீர்களா என்ற கேள்வி எழும். இரண்டாவது சாவி எப்போதாவது தொலைந்திருந்தால், தொலைந்த வாரமே பூட்டு செட்டை மாற்றி, ரசீதைப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள்.