மூளையே மூட்டும் காய்ச்சல்

1912-ல் ஹென்றி பார்பர் என்ற ஆய்வாளர் ஒரு முயலின் மூளைக்குள் மெல்லிய குழாயைச் செருகினார். அதில் வெந்நீரை ஓடவிட்டபோது முயலின் உடல் சூடு இறங்கியது. குளிர்ந்த நீரை ஓடவிட்டதும் சூடு ஏறியது. தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் மூளையின் அடியில் உடம்பின் சூட்டை ஓயாமல் கவனித்துக்கொண்டிருக்கும் ஓர் இடம் உண்டு என்று வைத்துக்கொண்டால் விளங்கிவிடும். அந்த இடம் வெதுவெதுப்பானதும், உடம்பே கொதிக்கிறது என்று நம்பி மூளை சூட்டை வெளியேற்றியது. அது குளிர்ந்ததும், உடம்பு விறைக்கிறது என்று நம்பிச் சூட்டை உண்டாக்கியது. உடம்பு உண்மையில் எப்படி இருந்தது என்பதைவிட, மூளை எதை நம்பியது என்பதுதான் சூட்டைத் தீர்மானித்தது.

தலையில் அடிபட்டோ, மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டோ ஐ.சி.யூ.வில் கிடப்பவருக்கு 102, 103 டிகிரி என்று காய்ச்சல் அடித்தால், வெளியே காத்திருக்கும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, "கிருமி தொத்திக்கிச்சா டாக்டர்?" என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கேள்வி. பலருக்கு அப்படித்தான் தொற்றவும் செய்கிறது. ஆனால் சிலருக்கு எங்கே தேடினாலும் கிருமி இருக்காது. அவர்களுக்குக் காய்ச்சலை மூட்டுவது அடிபட்ட மூளையேதான். இதை மருத்துவர்கள் சென்ட்ரல் ஃபீவர் என்பார்கள்.

இது புரிய, சாதாரணக் காய்ச்சல் எப்படி வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கிருமி உள்ளே வந்ததும் நம் எதிர்ப்புச் செல்கள் சில வேதிப்பொருட்களை ரத்தத்தில் விடுகின்றன. அவை மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸ் என்ற பகுதியின் வாசலுக்கு வந்து, அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கவைக்கின்றன. ஹைபோதலாமஸின் முன்பக்கத்தில் இருக்கும் நரம்புச் செல்கள்தான் 98.6 என்ற அளவைக் கட்டிக்காப்பவை. புரோஸ்டாகிளாண்டின் பட்டதும் அந்த அளவு, உதாரணத்துக்கு, 102-க்கு உயர்ந்துவிடுகிறது. உடம்போ இன்னும் 98.6-லேயே இருக்கிறது. மூளையின் கணக்கில் அது குளிர். அதனால்தான் காய்ச்சல் ஏறும்போது நடுக்கம் வருகிறது, கைகால் சில்லிடுகிறது, போர்வை தேடுகிறோம். பாராசிட்டமால் இந்தப் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைக் குறைக்கிறது. அளவு பழைய இடத்துக்கு இறங்கியதும் வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விடுகிறது. ஆக, கிருமி செய்வது தூண்டுவது மட்டுமே. அடுப்பைப் பற்றவைப்பது மூளை.

அந்த மூளையே அடிபட்டால்? இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஹைபோதலாமஸின் முன்பகுதி செய்யும் வேலையில் பெரும்பங்கு, தடுத்துப்பிடிப்பது. நடுக்கத்தைக் கிளப்பும், தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும், கொழுப்பை எரித்துச் சூடு தரும் மையங்கள் அதற்குப் பின்னாலும் கீழே மூளைத்தண்டிலும் இருக்கின்றன. முன்பகுதி அவற்றை எந்நேரமும் அமுக்கிவைத்திருக்கிறது. அது சிதைந்தாலோ, அங்கிருந்து இறங்கும் நரம்புப் பாதை அறுபட்டாலோ, பிரேக் போன வண்டி இறக்கத்தில் ஓடுவதுபோல் சூடு ஏறிக்கொண்டே போகும். இந்த வகைக் காய்ச்சலில் பாராசிட்டமாலுக்கு அதிக வேலை இல்லை. மாத்திரை தடுக்கும் இடம் வேறு, பழுது வேறு.

எல்லாமே பிரேக் பழுது என்றும் சொல்லிவிட முடியாது. ஹைபோதலாமஸ், மூளையின் நடுவே நீர் நிறைந்திருக்கும் ஓர் அறையின் சுவராகவே அமைந்திருக்கிறது. அந்த அறைக்குள் ரத்தம் கசிந்தால், சிதையும் ரத்தம் சுவரை உறுத்தி அழற்சியை உண்டாக்குகிறது. அங்கேயே, கிருமியின் உதவியில்லாமல், புரோஸ்டாகிளாண்டின் சுரக்கிறது. மூளையின் மேலுறைகளுக்கிடையே கசியும் ரத்தமும் இப்படிச் செய்வதுண்டு. ரத்தக்கசிவு நோயாளிகளுக்கு இந்தக் காய்ச்சல் கூடுதலாக வருவதற்கு இதுவும் காரணம்.

1880-களிலேயே இதன் முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஐசக் ஓட், 1885-ல் பெர்லினில் ஆரோன்சோன், சாக்ஸ் ஆகிய இருவர், விலங்குகளின் மூளையில் குறிப்பிட்ட இடத்தில் ஊசியால் குத்தினாலே உடல் சூடு ஏறுவதைக் கண்டார்கள். 'வெப்பக் குத்து' என்றே ஜெர்மன் மொழியில் அதற்குப் பெயர். காய்ச்சலுக்குக் கிருமிதான் காரணம் என்று உலகம் நம்பத் தொடங்கிய அதே காலத்தில், கிருமியே இல்லாத காய்ச்சல் ஒன்று ஆய்வுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தது!

மருத்துவமனையில் இதைக் கண்டுபிடிப்பதுதான் மிகக் கடினமான வேலை. "இதோ சென்ட்ரல் ஃபீவர்" என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்ற எல்லாக் காரணங்களையும் ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் அந்தப் பெயர். வென்ட்டிலேட்டரால் நிமோனியா, சிறுநீர்க் குழாயால் தொற்று, கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு, மருந்து ஒவ்வாமை என்று எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். அமெரிக்காவின் மாயோ கிளினிக் மருத்துவர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், நரம்பியல் ஐ.சி.யூ.வில் காய்ச்சல் கண்ட 526 பேரில் ஏறக்குறைய 47 சதவீதத்தினருக்குத் தொற்று இல்லை. சேர்ந்து 72 மணி நேரத்துக்குள் காய்ச்சல் தொடங்கி, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்சர் பரிசோதனையில் எதுவும் வளராமல், மார்பு எக்ஸ்ரேயும் தெளிவாக இருந்து, மூளையுறை ரத்தக்கசிவோ மூளை அறைக்குள் ரத்தமோ மூளைக் கட்டியோ இருந்தால், அது மூளையால் வந்த காய்ச்சலாக இருக்க 90 சதவீத வாய்ப்பு என்று அவர்கள் கணக்கிட்டார்கள். மீதி 10 சதவீதம் சிறிய எண் அல்ல. மூளையால் வந்த காய்ச்சல்தான் என்று அவசரப்பட்டால் நிமோனியாவைத் தவறவிடலாம். கிருமிதான் என்று பிடிவாதம் பிடித்தால் வாரக்கணக்கில் வீண் ஆன்டிபயாடிக் ஏறும். அதனால் கல்சர் முடிவுக்காக மருத்துவர் இரண்டு மூன்று நாள் காத்திருப்பதைத் தயக்கம் என்று எண்ண வேண்டாம். அந்தக் காத்திருப்பும் வைத்தியம்தான்.

காரணம் எதுவானாலும் சூட்டைக் குறைத்தாக வேண்டும். சூடு ஏற ஏற மூளைக்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. அடிபட்ட மூளையிலோ ரத்த ஓட்டமே தடுமாறிக்கொண்டிருக்கிறது. 1996-ல் வெளியான கோபன்ஹேகன் ஆய்வு ஒன்றில், பக்கவாத நோயாளிகளுக்கு உடல் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் மோசமான விளைவுக்கான வாய்ப்பு 2.2 மடங்கு கூடுதலாக இருந்தது.

மாத்திரை கேட்காவிட்டால் குளிர்நீர் ஓடும் விரிப்புகளை மார்பிலும் தொடையிலும் சுற்றுகிறார்கள், குளிர்ந்த சலைனை ஏற்றுகிறார்கள். அப்போது இன்னொரு சிக்கல். தோல் குளிர்ந்ததும் உடம்பு நடுங்கி, இறக்கிய சூட்டை மறுபடி ஏற்றப் பார்க்கும். அதை அடக்கப் பெத்திடின், மெக்னீசியம் போன்ற மருந்துகள் உண்டு. மருந்தில்லாத ஒரு வழியும் உண்டு. குளிரை மூளைக்குச் சொல்லும் நரம்புகள் முகத்திலும் கைகளிலும் பாதங்களிலும் அதிகம். எனவே மார்பைக் குளிரவைக்கும் அதே நேரத்தில் கையையும் காலையும் கதகதப்பாகப் போர்த்துகிறார்கள். ஐ.சி.யூ. கண்ணாடி வழியே பார்க்கும் மகளுக்கு, காய்ச்சலில் கிடக்கும் அப்பாவின் கைக்குச் சூடும் மார்புக்குக் குளிரும் வைப்பது விநோதமாகத் தெரியலாம். பார்பரின் முயலுக்குக் குழாய் வழியே போன பொய்ச்செய்தி, இவருக்கு விரல்கள் வழியே போகிறது.