டெக்சாஸ் டே கேர் லைசென்ஸ் சோதனை: எதைத் தயார் செய்வது?

டே கேர் நடத்தும் தோழிகள் என்னிடம் முதலில் கேட்பது, "லைசென்ஸ் சோதனைக்கு இன்ஸ்பெக்டர் எப்ப வருவாங்க?" என்பதுதான். சொல்லிவிட்டு வர மாட்டார்கள். 2014இல் புதுப்பிக்கப்பட்ட அமெரிக்க மத்தியச் சட்டமே முன்னறிவிப்பில்லாத ஆண்டுச் சோதனையை வலியுறுத்துகிறது. டெக்சாஸில் சுகாதார, மனித சேவைகள் ஆணையத்தின் குழந்தைப் பராமரிப்புப் பிரிவு ஆண்டுக்கு ஒரு முறையாவது வந்து பார்க்கிறது. புகார் போனால் அதற்குத் தனியாக வருவார்கள். காலை எட்டே முக்காலுக்கும் வரலாம், பிள்ளைகள் தூங்கும் மத்தியான நேரத்திலும் வரலாம்.

அதனால் "சோதனைக்குத் தயாராவது" என்று தனியாக ஒரு வேலை கிடையாது என்றே என் அனுபவத்தில் சொல்வேன். டாலஸ் புறநகரில் ஒரு காப்பகத்தின் டைரக்டராக இருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கூப்பிட்டால் போய் அவர்கள் இடத்தைப் பார்த்து வருகிறேன். சுவருக்குப் பெயின்ட் அடிப்பதிலும் புது பொம்மை வாங்குவதிலும் பணத்தைக் கொட்டியிருப்பார்கள். குறை எழுதப்படுவதோ அந்த இடங்களில் அல்ல. ஒரு டீச்சர் பாத்ரூம் போன அந்த நான்கு நிமிடத்தில், தொட்டிலில் கிடக்கும் ஒரு போர்வையில், தேதி முடிந்துபோன ஒரு சான்றிதழில்தான் எழுதப்படுகிறது.

முதலில் ரேஷியோ, அதாவது ஒரு பராமரிப்பாளருக்கு எத்தனை குழந்தைகள் என்ற கணக்கு. லைசென்ஸ் பெற்ற காப்பகங்களுக்கான விதிகள் டெக்சாஸ் நிர்வாக விதித்தொகுப்பின் 746ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன. ஒரு வயதுக்குள் இருக்கும் நான்கு குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், ஒரு குழுவில் அதிகபட்சம் 10 குழந்தைகள். 12 முதல் 17 மாதம் வரை ஐந்து பேருக்கு ஒருவர். 18 முதல் 23 மாதத்துக்கு ஒன்பது. இரண்டு வயதில் 11, மூன்று வயதில் 15, நான்கு வயதில் 18. இதை எல்லா டைரக்டர்களும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அறையில் கணக்கு நொடிக்கு நொடி மாறுகிறது.

கைக்குழந்தை அறையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர், எட்டுக் குழந்தைகள். சரியாக இருக்கிறது. எட்டு நாற்பதுக்கு ஓர் அப்பா அவசரமாக வந்து ஒன்பதாவது குழந்தையைக் கொடுத்துவிட்டு ஓடுகிறார். மூன்றாவது ஆளுக்கு ஒன்பது மணி ஷிஃப்ட். அந்த இருபது நிமிடமும் அறை விதிக்கு வெளியே இருக்கிறது. குழுவில் 10 பேர் வரை இருக்கலாமே என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது குழுவின் உச்ச அளவு; அதற்கேற்ற ஆளும் அறையில் இருக்க வேண்டும். ஷிஃப்ட் நேரத்தைப் பெற்றோர் வரும் நேரத்தை வைத்துத்தான் போட வேண்டும். ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு அறையிலும் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனை பிள்ளைகள், எத்தனை பெரியவர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஓட்டை எங்கே என்று அந்தத் தாளே காட்டிவிடும். பெரும்பாலும் காலை வருகை, சாப்பாட்டு இடைவேளை, சாயங்காலம் அறைகளை ஒன்றுசேர்க்கும் நேரம் ஆகிய மூன்றிலும்தான் இருக்கும்.

விளையாட்டு மைதானத்திலிருந்து உள்ளே வரும்போது தலையை எண்ணினால் மட்டும் போதாது. பெயரைச் சொல்லி, முகத்தைப் பார்த்து, பட்டியலில் குறிக்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்து ஆள் மாறிப்போவது நடக்கக்கூடியதுதான். பக்கத்து வகுப்புப் பிள்ளை ஒன்று வரிசையில் கலந்திருக்கும், நம் பிள்ளை சறுக்குமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது தூக்கம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீட்டுப் பழக்கமும் விதியும் நேருக்கு நேர் மோதும் இடம் இது. பன்னிரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். தொட்டிலில் மெத்தையும் அதன் மேல் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு விரிப்பும் மட்டும். போர்வை, தலையணை, பொம்மை, ஓரப் பஞ்சணை எதுவும் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொன்னது 1992இல். நாடு தழுவிய பிரசாரம் 1994இல் தொடங்கியது. அதற்குப் பிறகு, தூக்கத்தில் காரணம் தெரியாமல் குழந்தைகள் இறந்துபோவது பாதிக்கும் கீழே குறைந்தது. இந்த விதிக்குப் பின்னால் இருப்பது உயிர்கள். இன்ஸ்பெக்டர் வராவிட்டாலும் இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

நம் தமிழ்ப் பெற்றோர் கடுகுத் தலையணை கொண்டுவருகிறார்கள். தலை உருண்டையாக வர வேண்டும் என்று பாட்டி ஊரிலிருந்து ஆசையோடு தைத்து அனுப்பியிருப்பார். "தூங்கும்போது மட்டும் வைங்க மேடம்" என்பார்கள். தூங்கும்போதுதான் வைக்கவே கூடாது. தலை தட்டையாகாமல் இருக்க, விழித்திருக்கும் நேரத்தில் நம் கண் முன்னே குப்புறப் போட்டு விளையாட விடுவதுதான் வழி. அதை ஒரு நாளில் எத்தனை முறை செய்கிறோம் என்று எழுதிக் காட்டினால் பாட்டிக்கும் சமாதானமாகிவிடும். துணியில் இறுகச் சுற்றித் தூங்க வைக்க வேண்டுமென்றால், மருத்துவர் கையெழுத்திட்ட தூக்க விதிவிலக்குப் படிவம் வேண்டும். அம்மா எழுதிக் கொடுக்கும் கடிதம் செல்லாது. காரில் தூங்கிப்போன குழந்தையைக் கார் சீட்டோடு கொண்டுவந்து வைத்தால், எழுந்துவிடுமோ என்று தயங்காமல் உடனே எடுத்துத் தொட்டிலுக்கு மாற்றுங்கள். ஊஞ்சல் இருக்கையில் தூங்கினாலும் அப்படியே.

கையில் வசம்பு வளையல், கழுத்தில் கறுப்புக் கயிறு, இடுப்பில் மணி கோத்த அரைஞாண். இவற்றைப் பற்றிப் பேசுவது சங்கடம்தான். நம்பிக்கையைத் தொட்டுப் பேசுகிறோம். ஆனால் மணி தெறித்தால் வாய்க்குத்தான் போகும். கழுத்துக் கயிறு எதிலாவது மாட்டினால் மூச்சுக்கு ஆபத்து. சேர்க்கும் நாளிலேயே, மற்ற விதிகளோடு இதையும் எழுத்தில் கொடுத்து, "வீட்டுக்குப் போனதும் கட்டிக்குங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் இருக்காது.

தொட்டிலையும் ஒருமுறை சோதியுங்கள். கம்பிகளுக்கு நடுவே 2 3/8 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. பக்கவாட்டுக் கதவு இறங்கும் பழைய தொட்டில்களை 2011இல் வந்த மத்திய விதி தடைசெய்தது. காப்பகங்களுக்கு 2012 டிசம்பர் வரை அவகாசம் தந்தார்கள். தெரிந்தவர் வீட்டில் சும்மா கிடக்கிறது என்று கொடுக்கும் தொட்டிலை வாங்காதீர்கள். மைதானத்தில் ஏறும் சாதனங்களில் மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் இடைப்பட்ட சந்துகளைத் தேடுங்கள். உடம்பு நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும் அளவு அது.

ஃபைல்கள். ஊழியர் ஃபைலில் கைரேகையோடு கூடிய பின்னணிச் சோதனை முடிவு இருக்க வேண்டும். அது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். முடிவு வரும் முன் "சும்மா வந்து வேலையைப் பார்த்துக்கட்டும்" என்று யாரையும் உள்ளே விடாதீர்கள். பராமரிப்பாளருக்கு ஆண்டுக்கு 24 மணி நேரப் பயிற்சி, காலாவதியாகாத முதலுதவி, சிபிஆர் (மூச்சும் இதயத் துடிப்பும் நின்றால் செய்யும் உயிர்காக்கும் முறை) சான்றிதழ். ஊரில் ப்ளஸ் டூ முடித்துவிட்டு வந்தவரை வேலைக்கு எடுப்பதென்றால், அந்த மதிப்பெண் பட்டியல் போதுமா என்று ஆணையத்தின் லைசென்சிங் பிரதிநிதியிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலையும் ஃபைலில் வையுங்கள். சான்றிதழ்கள் முடியும் தேதியையெல்லாம் ஒரே நாட்காட்டியில் ஏற்றி, இரண்டு மாதம் முன்னதாக நினைவூட்டல் வைப்பது என் வழக்கம்.

குழந்தை ஃபைலில் எனக்கு அதிக வேலை வைப்பது தடுப்பூசிப் பதிவு. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொண்டு வந்த குழந்தை என்றால் அட்டையை வரி வரியாகப் பாருங்கள். அரசுத் திட்டத்தில் போடுவது தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான எம்ஆர் ஊசி. டெக்சாஸ் கேட்பது பொன்னுக்குவீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர். சின்னம்மைக்கும் ஹெபடைடிஸ் ஏ-வுக்குமான ஊசிகள் இங்கே வயதுக்கேற்பத் தேவை. நம் அரசுத் திட்டத்தில் அவை இல்லை, தனியார் மருத்துவமனையில் போட்டிருந்தால்தான் அட்டையில் இருக்கும். காசநோய்க்கான பிசிஜி ஊசியை இங்கே யாரும் கேட்பதில்லை. தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. 04/09/2022 என்று நம் அட்டையில் இருந்தால் அது செப்டம்பர் 4. இங்கே உள்ளவர் அதை ஏப்ரல் 9 என்று படிப்பார். முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட வேண்டிய ஊசி, அதற்கு முன்பே போட்டதாகக் கணக்காகிவிடும். குழந்தை மருத்துவரிடம் அட்டையைக் காட்டி, அமெரிக்க முறையில் ஒரு பதிவு வாங்கி வரச் சொல்லுங்கள். அதற்கு ஓரிரு வாரம் பிடிக்கும் என்பதால் சேர்க்கைக்கு முன்பே தொடங்க வேண்டும்.

பெற்றோர் கொடுத்தனுப்பும் பையைத் திறந்து பாருங்கள். கிரைப் வாட்டர் இருக்கும், ஊரிலிருந்து வந்த காய்ச்சல் சிரப் இருக்கும், டப்பாவைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். பை தொங்குவது பிள்ளைக்கு எட்டும் கொக்கியில். மருந்து என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வ அனுமதி, அசல் பாட்டில், அதில் குழந்தையின் பெயர், கொடுத்த நேரத்தையும் அளவையும் எழுதிக் கையெழுத்துப் போட்ட பதிவு எல்லாம் வேண்டும். இல்லையென்றால் வாங்கவே கூடாது. வாங்கியதைப் பூட்டி வையுங்கள். உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு மருத்துவர் கையெழுத்திட்ட அவசரத் திட்டம் வேண்டும். அது சமையலறையில் இருப்பவருக்கும், மதியம் மாற்றாக வருபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வேர்க்கடலைச் சட்னியும் முந்திரி அரைத்த குருமாவும் பார்த்தவுடன் கண்ணுக்குத் தெரியாது.

தீ ஒத்திகை மாதம் ஒன்று. மூன்று நிமிடத்துக்குள் எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்தாக வேண்டும். புயலுக்கு ஒதுங்கும் ஒத்திகை ஆண்டுக்கு நான்கு, ஆபத்தானவர் யாராவது வந்தால் கதவைப் பூட்டி உள்ளேயே இருக்கும் கதவடைப்பு ஒத்திகை நான்கு. மாதக் கடைசியில் நடத்தாத ஒத்திகையை நடத்தியதாக எழுதி வைக்கும் காப்பகங்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இன்ஸ்பெக்டர் நான்கு வயதுப் பிள்ளையிடம், "மணி அடித்தால் எங்கே போவீங்க?" என்று கேட்டாலே உண்மை வெளியே வந்துவிடும். அதைவிட முக்கியம், நிஜமாகவே புகை வந்தால் எட்டுக் கைக்குழந்தைகளை இரண்டு பேர் எப்படித் தூக்கிக்கொண்டு வருவது என்பதைச் செய்து பார்த்தவருக்குத்தான் கை கால் ஓடும். சக்கரம் வைத்த தொட்டில் வாசலில் நுழைகிறதா என்று இன்றைக்கே தள்ளிப் பாருங்கள். தீயணைப்புத் துறை, சுகாதாரத் துறைச் சோதனைகள் ஆண்டுக்கு ஒருமுறை. கேஸ் குழாய்ச் சோதனை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. மூன்றின் சான்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள்.

ஊழியரின் பேச்சும் சோதனைக்கு உட்பட்டதுதான். அடிப்பது, கிள்ளுவது, காதைத் திருகுவது மட்டுமல்ல; கத்துவது, கேலி செய்வது, சாப்பாட்டையோ தூக்கத்தையோ தண்டனையாக்குவது எல்லாமே விதிமீறல். "சாப்பிடலேன்னா பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் கொடுத்திடுவேன்" என்று பாசமாகத்தான் சொல்வார்கள் நம் அக்காக்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அப்படியே வளர்ந்தவர்கள். ஆனாலும் பயம் காட்டிச் சோறு ஊட்டுவது கூடாது என்று உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும். பிள்ளை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றால் போதும்தான். சாயங்காலம் அம்மாவிடம் சொன்னால் போகிறது.

கதவைத் தட்டுகிற நாளில் டைரக்டர் இல்லாமலும் போகலாம். அப்போது பொறுப்பில் இருப்பவர் யார், ஃபைல் அலமாரிச் சாவி எங்கே என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே அழையுங்கள். உள்ளே விட மறுப்பதே ஒரு மீறல். அறையில் இருப்பவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு எழுந்து ஓட வேண்டாம். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "தெரியலை, கேட்டுச் சொல்றேன்" என்றே சொல்லலாம். ஊகித்துச் சொல்லும் பதில்தான் வம்பு.

கிளம்பும் முன் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து பேசுவார். ஒவ்வொரு குறைக்கும் அதிகம், நடுத்தர அதிகம், நடுத்தரம், நடுத்தரக் குறைவு, குறைவு என்று, எவ்வளவு ஆபத்தானது என்பதைக் காட்டும் ஐந்தில் ஒரு எடை இருக்கும். சரிசெய்யும் கெடு தேதியையும் குறிப்பார். எந்த விதி எண், எதைப் பார்த்து எழுதினார் என்று அப்போதே கேளுங்கள்; கேட்பதில் தப்பில்லை. அவர் சொன்னது உண்மையிலேயே சரியில்லை என்று தோன்றினால் நிர்வாக மறுஆய்வு, அதாவது அந்த முடிவை ஆணையமே மறுபடி பார்ப்பது, கேட்க உரிமை உண்டு. அங்கேயே வாதாடுவதைவிட ஆதாரத்தோடு எழுதிக் கேட்பதுதான் பலன் தரும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இந்தச் சோதனை முடிவுகளை ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். காப்பகத்தின் பெயரைத் தட்டினால் போதும். ஒரு குறை இருக்கிறது என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். பல ஆண்டுகளாக நடக்கும் இடத்தில் சின்னச் சின்னதாக ஏதாவது இருக்கும். அதே குறை திரும்பத் திரும்ப வருகிறதா, தூக்கத்திலும் கண்காணிப்பிலும் எழுதியிருக்கிறார்களா, கெடுவுக்குள் சரிசெய்தார்களா என்று பாருங்கள். அப்புறம் முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள் பதினோரு மணிக்குப் போய்க் கைக்குழந்தை அறை வாசலில் நின்று, குழந்தைகளையும் பெரியவர்களையும் நீங்களே எண்ணுங்கள். வேலை நேரத்தில் உங்கள் பிள்ளையைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வரும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.