பத்தி எப்படிப் புரிகிறது? சீனப் பள்ளிகளின் ஆங்கில வாசிப்புப் பயிற்சி

சீனாவில் கட்டாயக் கல்வி 9 ஆண்டுகள். அது முடியும் தறுவாயில், 14, 15 வயதில், மாணவர்கள் ‘ஜோங்காவ்’ என்ற தேர்வை எழுதுகிறார்கள். எந்த மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைக்கும், பொதுக்கல்வியா தொழிற்கல்வியா என்பதெல்லாம் பெரும்பாலும் அதன் மதிப்பெண்ணைப் பொறுத்தது. வினாத்தாள் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் ஆங்கிலத் தாளில், பத்தியைப் படித்து விடையளிக்கும் பகுதி இல்லாத ஊர் இல்லை. சுமார் 200, 300 சொற்களில் ஒரு பத்தி, கீழே சில கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் நான்கு விடைகள். ஒரு பத்தி அருங்காட்சியக அறிவிப்பாக இருக்கும், அடுத்தது கதையாக, அதற்கடுத்தது அறிவியல் செய்தியாக இருக்கும். தேர்வு நெருங்க நெருங்கத் தாள் தாளாக இதையே செய்து பழகுவார்கள். அங்கே இந்தப் பழக்கத்துக்கு ‘ஷுவாதி’ என்று பெயர்.

இத்தனை உழைப்பும் அந்தப் பிள்ளைகளின் தலைக்குள் எதை வளர்க்கிறது? வாசிப்பு ஆராய்ச்சி இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறது. கேள்வித்தாள் புரிதலை ஓரளவு அளக்கும். புரிதலை வளர்ப்பதில் அதன் பங்கு மிகச் சிறியது. ஏன் என்று தெரிய, ஒரு பத்தி புரியும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த வகைத் தாள்களில் வருவது போல நானே எழுதிய இரண்டு வாக்கியங்கள் இவை. ‘லீ மிங் வீட்டுக்கு வந்தபோது அவன் காலணி நனைந்திருந்தது. கதவோரம் சாய்த்து வைத்திருந்த குடையைப் பார்த்துவிட்டு அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.’ கேள்வி: காலையில் லீ மிங் என்ன செய்தான்? விடைகள்: குடையைத் தொலைத்தான், காலணியைக் கழுவினான், குடை இல்லாமல் கிளம்பிப் போனான், அம்மாவுக்குக் குடை வாங்கினான்.

மூன்றாவதுதான் சரி என்று உங்களுக்கு உடனே தெரிந்திருக்கும். ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களில் மழை என்ற சொல் இல்லை. மறந்தான் என்ற சொல்லும் இல்லை. நனைந்த காலணியிலிருந்து மழையை வருவித்தவர் நீங்கள். கதவோரக் குடையிலிருந்து, அது வீட்டிலேயே இருந்துவிட்டது என்று கண்டுபிடித்தவரும் நீங்கள். அம்மாவின் செய்கையிலிருந்து, இது முதல் முறையாக இருக்காது என்றுகூட நினைத்திருப்பீர்கள். வாசகர் மனத்தில் எழும் இந்தக் காட்சியைச் ‘சூழல் மாதிரி’ என்று சொல்லலாம். டியூன் வான் டைக், வால்டர் கின்ட்ஷ் இருவரும் 1983இல் இதை விரிவாக விளக்கினார்கள். வாசிப்பவர் முதலில் சொற்களை வாக்கியப் பொருளாகக் கோக்கிறார். பிறகு அந்தப் பொருளோடு தன் அனுபவத்தைச் சேர்த்து ஒரு நிலைமையை மனத்தில் அமைக்கிறார். புரிந்தது என்று நாம் சொல்வது இந்த இரண்டாவது கட்டடத்தைத்தான்.

அந்த நான்கு விடைகளையும் இன்னொரு முறை பாருங்கள். தவறான மூன்றிலும் குடை, காலணி, அம்மா என்று பத்தியிலேயே உள்ள சொற்கள் இருக்கின்றன. சரியான விடையும் குடையைச் சொல்கிறது, ஆனால் அதைச் சொல்லும் வாக்கியம் பத்தியில் எங்கும் இல்லை. விடையில் கண்ட சொல்லைப் பத்தியில் தேடிப் பிடிக்கும் மாணவன் இங்கே சறுக்குவான். நேரம், விலை, இடம் கேட்கும் விவரக் கேள்விகளில் அதே தேடல் அவனுக்குக் கைகொடுக்கும். ஒரே மாணவன் விவரக் கேள்விகளில் முழு மதிப்பெண் பெற்று, ஊகக் கேள்விகளில் திணறினால் காரணம் சோம்பல் அல்ல. அவனால் முதல் கட்டடத்தை எழுப்ப முடிகிறது. இரண்டாவதற்கு மனத்தில் இடம் மிஞ்சவில்லை.

இடம் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரே சமயத்தில் நாம் மனத்தில் பிடித்து வைத்துக் கையாளக்கூடியவை ஏறக்குறைய நான்கு துண்டுகள்தான் என்று நெல்சன் கோவன் 2001இல் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். சொல்லை அடையாளம் காண்பதற்கே அந்த இடம் செலவானால், மழையை வருவிக்க ஒன்றும் எஞ்சாது.

சொல்லை அடையாளம் காணும் வேலை கண்ணிலிருந்து தொடங்குகிறது. கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவிப் போகிறது. ஒவ்வோர் இடத்திலும் ஏறக்குறைய கால் விநாடி நின்று, அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. ஆங்கிலத்தில் தேர்ந்த வாசகர் நிற்கும் இடத்துக்கு இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்துகளும், வலப்பக்கம் 14, 15 எழுத்துகளும் அவருக்குப் பயன்படுகின்றன. சீன எழுத்தில் இந்தச் சாளரம் இடப்பக்கம் ஒரு எழுத்து, வலப்பக்கம் மூன்று எழுத்து அளவுக்குக் குறுகியது. ஆனால் ஒவ்வொரு சீன எழுத்தும் ஓர் அசை, பெரும்பாலும் பொருளும் உடையது. அதனால் இரு மொழிகளிலும் தேர்ந்தவர்கள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் படிக்கிறார்கள். சீனத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. எங்கே ஒரு சொல் முடிகிறது என்பதை வாசகரே பிரித்துக்கொள்கிறார். ஆங்கிலம் அந்த உதவியைச் செய்கிறது, ஆனால் ஒரு சொல்லுக்குள் எட்டு, பத்து எழுத்துகளை வரிசை பிசகாமல் காணச் சொல்கிறது.

சீனப் பிள்ளைகளுக்கு ரோமன் எழுத்து புதிதல்ல. 1958இல் அங்கீகரிக்கப்பட்ட பின்யின் முறை வழியாக, முதல் வகுப்பிலேயே அந்த எழுத்துகளைக் கொண்டுதான் சீன எழுத்துகளின் உச்சரிப்பைக் கற்கிறார்கள். ஆனால் பின்யினில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் மாறாதது. சில எழுத்துகளின் ஒலியோ ஆங்கிலத்தோடு சேராது. ஒரே எழுத்துக் கூட்டம் நான்கைந்து விதமாக ஒலிக்கும் ஆங்கிலத்தை எதிர்கொள்ளும்போது, பலர் ஒலியை விட்டுவிட்டு எழுத்து வடிவத்தையே மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். வாங் மின், கெய்கோ கோடா, சார்ல்ஸ் பெர்ஃபெட்டி மூவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஆங்கிலம் கற்ற கொரியர்களையும் சீனர்களையும் உட்கார வைத்து, திரையில் தோன்றும் சொல் பூவின் பெயரா என்பது போலக் கேட்டார்கள். ரோஜாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போலவே ஒலிக்கும், ஆனால் வரிசைகள் என்று பொருள்படும் சொல் வந்தபோது கொரியர்கள் அதிகம் ஏமாந்தார்கள். எழுத்துக்கூட்டலில் மிக நெருங்கிய சொற்களில் சீனர்கள் அதிகம் தடுமாறினார்கள். அவரவர் தாய்மொழியின் எழுத்து முறை, இரண்டாம் மொழியைப் பார்க்கும் கண்ணையும் பழக்கிவிட்டிருக்கிறது.

இதில் ஆசிரியர்களுக்கு உடனே பயன்படும் ஒன்று உண்டு. வாசிப்பின்போது உள்ளே ஒலிக்கும் குரல்தான் ஒரு நீண்ட வாக்கியத்தின் தொடக்கத்தை அதன் முடிவு வரும்வரை நினைவில் நிறுத்துகிறது. சொல்லின் ஒலி தெரியாதவனுக்கு அந்தக் குரல் விட்டுவிட்டுத்தான் கேட்கும். பத்தியை வாய்விட்டுப் படிப்பதும், ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே வரியைத் தொடர்வதும் மௌன வாசிப்புக்கு உதவுவது இதனால்தான்.

சொல்லுக்கு மேலே வாக்கியம். ‘நேற்று நான் வாங்கிய புத்தகம்’ என்று தமிழில் சொல்கிறோம்; விளக்கம் முன்னால், பொருள் பின்னால். சீனத்திலும் இதே வரிசை. ஆங்கிலத்தில் புத்தகம் முதலில் வந்துவிடும். எந்தப் புத்தகம் என்பது பின்னால் வால் போல நீளும். வாக்கியம் முடிந்தது என்று நினைத்த இடத்தில் அது முடியவில்லை. தமிழ் மாணவர்களுக்கும் இதே இடத்தில்தான் கால் இடறுகிறது. சீனத்தில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறுவதில்லை. அவன், அவள், அது மூன்றும் எழுத்தில் வேறானாலும் பேச்சில் ஒரே ஒலி. ஆகவே ‘கோடிட்ட சொல் யாரைக் குறிக்கிறது?’ என்ற, தாள்களில் அடிக்கடி வரும் கேள்வி அந்தப் பிள்ளைகளுக்கு எளியதல்ல. ஆங்கில வாசகர் கண்ணை மூடிக்கொண்டு தொடரும் குறிப்பை அவர்கள் கவனித்துத் தொடர வேண்டியிருக்கிறது.

இனி சொல்வளம். பத்தியில் எத்தனை சொற்கள் தெரிந்திருந்தால் துணையின்றிப் புரியும்? மார்செல்லா ஹூ, பால் நேஷன் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு, கதை வாசிப்புக்கு ஏறக்குறைய 98 விழுக்காடு என்றது. 80 விழுக்காடு மட்டும் தெரிந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் போதுமான அளவு புரியவில்லை. 250 சொல் பத்தியில் 98 விழுக்காடு என்றால் தெரியாதவை ஐந்து. 80 என்றால் ஐம்பது. சீனாவின் 2011 பாடத்திட்ட அளவுகோல், ஒன்பதாம் வகுப்பு முடிவில் 1500 முதல் 1600 சொற்களை எதிர்பார்த்தது. ஆகவே தேர்வுத் தாள் தயாரிப்பவர்கள் பத்தியை அந்த வட்டத்துக்குள் வைக்கப் பாடுபடுகிறார்கள். மீறி வரும் சொல்லுக்குப் பக்கத்திலேயே சீனத்தில் பொருள் தருகிறார்கள். தாளுக்குள் இது சரி. ஆனால் அதே மாணவன் ஓர் ஆங்கிலச் செய்தித்தாளைக் கையில் எடுத்தால், தாளில் கிடைத்த புரிதல் காணாமல் போகிறது.

‘சூழலை வைத்துப் பொருளை ஊகி’ என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் ஊகிப்பதற்குச் சூழல் புரிந்திருக்க வேண்டும். லியூ நா, நேஷன் இருவரும் 1985இல் சோதித்தபோது, 25 சொல்லுக்கு ஒன்று தெரியாத பத்தியில் ஊகம் நன்றாகவே கைகூடியது. 10 சொல்லுக்கு ஒன்று தெரியாதபோது தேய்ந்துபோனது.

சொல்லும் இலக்கணமும் முழுதாகத் தெரிந்தும் பத்தி புரியாமல் போகலாம். ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜான்சனும் 1972இல், துணி துவைப்பதை மிக எளிய சொற்களில், ஆனால் துணி என்று சொல்லாமல் விவரித்த பத்தியைப் படித்துக் காட்டினார்கள். தலைப்பை முன்கூட்டித் தெரிந்துகொள்ளாதவர்களுக்கு அது புகைமூட்டமாக இருந்தது. கேட்டதில் கொஞ்சம்தான் நினைவில் நின்றது. 1988இல் டானா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் அமெரிக்க நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 64 பேருக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையைக் கொடுத்தார்கள். வாசிப்புத் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்று, ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரிந்தவர்கள், ஆட்டம் தெரியாத ‘நல்ல வாசகர்களை’ எளிதாக முந்தினார்கள்.

இந்த ஆய்வை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். வாசிப்புத் திறன் என்று எந்தப் பத்திக்கும் பொருந்தும் ஒரே தசை கிடையாது என்பதை இது சொல்கிறது. மார்கரெட் ஸ்டெஃபென்சனும் உடன் ஆய்வாளர்களும் 1979இல் ஓர் இந்தியத் திருமணத்தையும் ஓர் அமெரிக்கத் திருமணத்தையும் விவரிக்கும் கடிதங்களை இரு நாட்டவருக்கும் கொடுத்தார்கள். தம் ஊர்த் திருமணத்தை இரு சாராரும் வேகமாகப் படித்தார்கள், கூடுதலாக நினைவில் வைத்தார்கள். மற்றதைத் தம் வழக்கத்துக்கு ஏற்பத் திரித்தும் புரிந்துகொண்டார்கள். அண்மைக் காலச் சீனத் தாள்களில் தேநீர், டிராகன் படகுத் திருவிழா, அதிவேக ரயில் என்று உள்ளூர்ப் பொருள்கள் நிறைய வருவது எனக்குச் சரியாகவே படுகிறது. உள்ளடக்கம் தெரிந்த இடத்தில் மொழியை மட்டும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அமெரிக்கப் பள்ளி உணவகத்தையும் நன்றி தெரிவிக்கும் நாளையும் பற்றிய பத்தியில் சறுக்கிய கிராமத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் வரவில்லை என்று முடிவு கட்டினால், அது அநியாயம்.

கேள்வித்தாள் பயிற்சி என்ன தருகிறது என்று இப்போது பார்க்கலாம். முதலில் கேள்வியைப் படி, பத்தியின் முதல் வாக்கியத்தைக் கவனி, மிகைப்படுத்தும் விடையை விலக்கு என்பன போன்ற உத்திகள் உண்மையாகவே உதவுகின்றன. ஆனால் அவற்றின் பயன் சில வகுப்புகளிலேயே கிடைத்துவிடும். ஐம்பது வகுப்பு நீட்டினால் ஐம்பது மடங்கு கிடைக்காது. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வை வைத்து 1990இல் நடந்த ஆய்வில், பத்தியையே காட்டாமல் கேள்விகளை மட்டும் கொடுத்தபோதும், மாணவர்கள் குருட்டாம்போக்கில் கிடைக்கக்கூடியதைவிடக் கூடுதலாகச் சரியான விடை தேர்ந்தார்கள். விடைகளின் அமைப்பே துப்புக் கொடுக்கிறது. தாள் தாளாகச் செய்பவர்கள் அந்தத் துப்புகளைப் படிக்கத் தேர்ந்துவிடுகிறார்கள். மதிப்பெண் ஏறுகிறது, புரிதல் அதே அளவுக்கு ஏறுவதில்லை.

2021 ஜூலையில் சீன அரசு பாடப் பயிற்சி நிறுவனங்கள் லாபத்துக்கு இயங்குவதைத் தடுத்தது. நடுநிலைப் பள்ளியில் எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து எழுத்து வீட்டுப்பாடம் நாளுக்கு 90 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்றது. கிடைக்கும் கொஞ்ச நேரத்தை எதற்குக் கொடுப்பது என்பது இனி பெரிய கேள்வி.

இதற்கான விடை 2011 அளவுகோலிலேயே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் பாடநூலுக்கு வெளியே 1,50,000 சொற்களுக்கு மேல் படித்திருக்க வேண்டும் என்றது அது. கேட்டால் மலைப்பாக இருக்கும். நிமிடத்துக்கு 100 சொல் என்ற மெதுவான வேகத்தில் கணக்கிட்டால் 1500 நிமிடம், அதாவது 25 மணி நேரம். நடுநிலைப் பள்ளியின் மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்துத்தான். அதையே 250 சொல் பத்திகளாகப் படித்தால் 600 பத்திகள். ஒவ்வொன்றிலும் புது ஆள், புது இடம், புதுப் பொருள். முதல் ஐம்பது சொல் நிலைமையைப் பிடிக்கவே போய்விடும். பிடித்த வேளையில் பத்தி முடிந்துவிடும். 10,000 சொல்லில் எளிய ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கதைப் புத்தகத்தில் அப்படி அல்ல. மூன்றாம் பக்கத்துக்குள் ஆள்களும் ஊரும் பழகிவிடும். அதே சொற்கள் வெவ்வேறு வாக்கியங்களில் திரும்பத் திரும்ப வரும். கண்ணுக்கு வேகம் கூடும், மனத்தில் இடம் விடுபடும், ஊகிக்கத் துணிவு வரும்.

வார்விக் எல்லியும் ஃபிரான்சிஸ் மங்குபாயும் ஃபிஜித் தீவின் கிராமப் பள்ளிகளில் இதைச் செய்து பார்த்து 1983இல் வெளியிட்டார்கள். வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத அந்தப் பிள்ளைகள், வழக்கமான பாடத்தில் இருந்தவர்களைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு வேகத்தில் வாசித்துப் புரிவதிலும் கேட்டுப் புரிவதிலும் முன்னேறினார்கள். நான்கு விடைத் தாளுக்கு வாரத்தில் ஒரு நாள் போதும். மற்ற நாள்களில் நாளுக்கு இருபது நிமிடம், பெரும்பாலான சொற்கள் தெரிந்த, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்க வைக்கும் ஒரு புத்தகம் போதும். அதை வாங்கி வகுப்பறை அலமாரியில் வைக்க ஆகும் செலவு, ஒரு கட்டுப் பயிற்சித் தாள் அச்சிடும் செலவை விடப் பெரிதாக இருக்காது.