சிர்வா: தோளூறும் அதற்குரிய ஈடும்

தடுப்பூசி போட்டதால் தோளில் ஏற்படும் பாதிப்பைக் குறிக்கும் ‘ஷோல்டர் இஞ்சுரி ரிலேட்டட் டு வாக்சின் அட்மினிஸ்ட்ரேஷன்’ என்னும் நீண்ட ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கோத்ததே ‘சிர்வா’. மருத்துவமனையில் பிறந்த சொல்லாகத் தோன்றினாலும் இது இழப்பீட்டுக் கோப்புகளிலிருந்து எழுந்தது. அமெரிக்காவின் தேசியத் தடுப்பூசி இழப்பீட்டுத் திட்டத்தில் முறையிட்ட 13 பேரின் ஆவணங்களை ஆராய்ந்து 2010இல் வெளியான மருத்துவக் கட்டுரையே இப்பெயரை நிலைநிறுத்தியது.

தமிழாக்குவோர் வழுக்கும் இடம் ‘அட்மினிஸ்ட்ரேஷன்’. அகராதியில் முதலில் கிடைக்கும் ‘நிர்வாகம்’ இங்கு நகைப்புக்கே இடமாகும். மருந்தை உடலுக்குள் செலுத்துவது, அதாவது நம் வழக்கில் ‘ஊசி போடுவது’தான் பொருள். ஊசி போட்ட கை ஓரிரு நாள் வலிப்பது எவரும் அறிந்ததே, சிர்வா அதுவன்று. சட்டைக் கையை மேலே சுருட்டாமல் கழுத்துப்பட்டியைக் கீழே இழுத்துத் தோளைக் காட்டும்போது, ஊசி தோள்முனைக்கு மிக அருகில் இறங்கிவிடக்கூடும். தசைக்குச் சேரவேண்டிய மருந்து மூட்டின் உராய்வைத் தணிக்கும் நீர்ப்பைக்குள் புகுந்து அழற்சியை உண்டாக்கினால், தலை வாரக்கூடக் கையைத் தூக்க இயலாத நிலை மாதக்கணக்கில் நீடிக்கலாம்.

‘இஞ்சுரி’யைக் ‘காயம்’ என்றால் தோலில் தெரியும் புண்ணே நினைவுக்கு வரும். இங்கு வெளியே ஒன்றும் தெரியாது என்பதால் ‘ஊறு’ என்ற பழஞ்சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஊசி போடுவதை ‘இடுகை’ என்று கொண்டு, சட்ட எழுத்தில் ‘தடுப்பூசி இடுகைசார் தோளூறு’ என்றும், ஒருமுறை விளக்கியபின் ‘இடுகைத் தோளூறு’ என்றும் எழுதலாம்.

‘காம்பென்சேஷன்’ தமிழ்நாட்டில் இழப்பீடு, இலங்கையில் நட்டஈடு. இரண்டிலும் உள்ள ‘ஈடு’ சமன் செய்வதைக் குறிக்குமேயன்றித் தண்டத்தைக் குறிக்காது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1988இல் தொடங்கிய இத்திட்டத்துக்கும் அதுவே பொருந்தும்: செவிலியர் தவறினார் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை, தடுப்பூசியின் மீது விதிக்கப்படும் வரியிலிருந்து பணம் வருகிறது, வலிக்கும் மனவேதனைக்கும் உச்சவரம்பு 2,50,000 டாலர். 2017 மார்ச்சில் இத்திட்டத்தின் ஊறுகள் அட்டவணையில் சிர்வா சேர்ந்தபின், அத்தோளில் முன்பு வலியில்லாத ஒருவருக்கு ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கி, பிற நிபந்தனைகளும் பொருந்தினால், காரணம் ஊசியே என்று கொள்ளப்படுகிறது. பொதுவாக ஆறு மாதங்களுக்கு மேல் பாதிப்பு நீடித்திருக்கவும் வேண்டும்.

‘இடுகை’ என்ற அந்த ஒரு சொல்லே பின்னர் வாதப்பொருளாயிற்று. இந்த ஊறு, ஊசி போட்ட முறையால் வந்ததேயன்றித் தடுப்பூசியால் வந்ததன்று என்று வாதிட்டு, 2021 ஜனவரியில் சிர்வாவை அட்டவணையிலிருந்து நீக்கும் விதியை அந்நாட்டு நலவாழ்வுத் துறை வெளியிட்டது. ஏப்ரலில் அவ்விதி திரும்பப் பெறப்பட்டது.